மேல் வயிற்று எரிச்சல்: அல்சரா, வேறா? உறுதி செய்துகொள்ளும் வழி

தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலோ வலியோ வந்து வந்து போனால், நம் பக்கத்தில் யாரும் யோசிக்காமல் அல்சர் என்று சொல்லிவிடுகிறார்கள். திருப்பூர், பல்லடம், சோமனூர், ஈரோடு, கரூர் என்று இரவு பகல் பாராமல் தறியும் தையல் இயந்திரமும் ஓடும் ஊர்களில், நேரத்துக்குச் சாப்பிடாததுதான் காரணம் என்ற விளக்கமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. பிறகு மருந்துக்கடையில் அமிலம் குறைக்கும் மாத்திரையான பான்டோபிரசோல் ஓர் அட்டை வாங்குவது, எரிச்சல் அடங்கியதும் நிறுத்துவது, திரும்ப வந்ததும் திரும்ப வாங்குவது என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இப்படி வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மேல் வயிற்றுத் தொல்லை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் அல்சர் இருப்பதில்லை. இருப்பவர்களுக்கு அது முழுமையாகக் குணமாக்கக்கூடிய நோய். தாம் எந்த வகை என்பதை வலியின் தன்மையை வைத்து நோயாளியாலும் சொல்ல முடியாது, பல நேரங்களில் அனுபவமுள்ள மருத்துவராலும் சொல்ல முடியாது. பரிசோதனை தேவைப்படுவது அதனால்தான்.

அல்சர் என்பது என்ன?

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிகவும் கடுமையானது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், உட்சுவர் முழுவதும் படர்ந்திருக்கும் வழவழப்பான சளிப்படலமும், அதற்குள் சுரக்கும் காரத்தன்மை கொண்ட பைகார்பனேட்டும், சுவருக்குத் தடையின்றிக் கிடைக்கும் இரத்த ஓட்டமும் ஆகும். சாயத் தொட்டியின் உட்பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால் சாயநீர் அந்த இடத்தில் சிமெண்டை அரித்துக்கொண்டு உள்ளே இறங்குவதைப் போல, இந்தப் பாதுகாப்பு எங்கே பலவீனமாகிறதோ அங்கே அமிலம் சுவரை அரித்துக் குழியாக்குகிறது. அந்தக் குழிதான் அல்சர். இரைப்பையிலும் வரலாம், இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலிலும் வரலாம். உட்சவ்வின் மேற்பரப்பு மட்டும் சிராய்த்திருந்தால் அதை அல்சர் என்று மருத்துவர்கள் சொல்வதில்லை; சவ்வின் முழு ஆழத்தையும் கடந்து இறங்கியிருந்தால்தான் அல்சர். பரிசோதனை அறிக்கையைப் படிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

பாதுகாப்பைக் கெடுப்பவை இரண்டு

உலகெங்கும் பெரும்பாலான அல்சர்களுக்குக் காரணம் இரண்டே இரண்டு. முதலாவது, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. சுருக்கமாக எச். பைலோரி என்பார்கள். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்றும், மன அழுத்தமும் உணவுப் பழக்கமுமே அல்சருக்குக் காரணம் என்றும் மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982-இல் இந்தக் கிருமியை நோயாளிகளின் இரைப்பைத் திசுவிலிருந்து பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். அப்போதும் பலர் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, சில நாட்களில் தம் இரைப்பையில் அழற்சி உண்டானதை நிரூபித்தார். 2005-இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அல்சரை ஆயுள் முழுக்கக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்க வேண்டிய நோய் என்ற நிலையிலிருந்து, இரண்டு வார மருந்தில் வேரோடு நீக்கக்கூடிய நோய் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது இந்தக் கண்டுபிடிப்புதான்.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பலருடைய வயிற்றில் இது இருக்கிறது. ஆனால் அவர்களில் சிலருக்கு மட்டுமே அல்சர் வருகிறது. ஆகவே கிருமி இருக்கிறது என்பதும் அல்சர் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது காரணம் வலி மாத்திரை. கொங்கு நாட்டில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கிருமியைப் பற்றியாவது மருத்துவர்கள் கேட்கிறார்கள். வலி மாத்திரையைப் பற்றி நோயாளி தாமாகச் சொல்வதே இல்லை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் அதே வகைப் பொருள்தான் இரைப்பையில் சளிப்படலத்தையும் இரத்த ஓட்டத்தையும் காத்துவருகிறது. வலி குறையும்போது வயிற்றின் காப்பும் குறைகிறது. இந்தத் தீங்கு இரத்தத்தின் வழியாக நிகழ்வதால், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் சாப்பிட்ட பின் மாத்திரை போட்டாலும் வயிற்றுக்கு ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். பன்னிரண்டு மணி நேரம் தறிகளுக்கு நடுவில் நின்றும் நடந்தும் வேலை செய்கிறார். இடுப்பும் முழங்காலும் விண்விண்ணென்று வலிக்கின்றன. மருந்துக்கடையில் "மேல் வலிக்குக் குடுங்க" என்று கேட்டால், மூன்று நான்கு மாத்திரைகளைத் தனித்தனியாகக் கத்தரித்து, ஒரு சிறு காகிதக் கவரில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். செட் மாத்திரை என்று அதற்குப் பெயர். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. ஒன்று வலி மாத்திரை. இன்னொன்று ஸ்டீராய்டாகவும் இருக்கக்கூடும். இவை இரண்டும் சேர்ந்தால் அல்சர் வருவதற்கும் இரத்தம் கசிவதற்கும் உள்ள வாய்ப்பு பெருமளவு கூடுகிறது. காய்ச்சல் மாத்திரை என்று நினைத்து வாங்கும் பாரசிட்டமால் மாத்திரையிலும் அசிக்ளோஃபினாக் சேர்ந்திருப்பது நம் கடைகளில் மிகச் சாதாரணம். பாரசிட்டமால் தனியாக, சரியான அளவில் இருந்தால் இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை என்பதால், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். அந்தத் தறிக்காரருக்கு எரிச்சல் வரும்போது அதே கடையில் பான்டோபிரசோலும் கிடைக்கிறது; இடுப்பு வலிக்கு வாங்கிய மாத்திரையும் வயிற்று எரிச்சலும் ஒரே கதை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்குப் பிறகோ தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், அல்சர் பயத்தில் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதால் வரும் ஆபத்து சில நேரம் அல்சரைவிடப் பெரிது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் வயிற்றுத் தொல்லையைச் சொல்லி, அவர் முடிவெடுக்க விட வேண்டும்.

காரமும் பட்டினியும்

காரமாகச் சாப்பிடுவதால் அல்சர் வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு வறுக்கும் பள்ளிபாளையம் சிக்கன், ஏற்கெனவே புண்ணோ அழற்சியோ உள்ள வயிற்றில் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் புண்ணை உருவாக்கியது அதுவல்ல. வேளை தவறிச் சாப்பிடுவதும் அப்படித்தான்: வெறும் வயிற்றில் தொல்லை அதிகம் தெரியும், ஆனால் அது மட்டுமே குழி பறிப்பதில்லை. பீடி, சிகரெட் விஷயம் வேறு. புகை அல்சர் வரும் வாய்ப்பைக் கூட்டுவதோடு, வந்த புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது.

சுக்குட்டிக் கீரை (மணத்தக்காளி), மோர், இளநீர், தேங்காய்ப்பால் ஆகியவை எரிச்சலுக்கு இதமாக இருப்பதைப் பலர் அனுபவத்தில் சொல்கிறார்கள். அவற்றைச் சாப்பிடுவதில் பெரும்பாலோருக்குத் தவறில்லை. ஆனால் எச். பைலோரியை அவை வெளியேற்றும் என்று நம்பிக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எனக்குக் கவலை தருகிறது. பால் குடித்தால் உடனே ஆறுதல் தெரியும். ஆனால் பாலிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டுவதால், சிறிது நேரத்தில் எரிச்சல் திரும்பலாம். அல்சருக்குப் பாலே மருந்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே பரிந்துரைத்தார்கள். இன்று அப்படிப் பரிந்துரைப்பதில்லை.

எப்படித் தெரியும், எதைப் போலத் தெரியும்

பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும் அல்சர் வலி இப்படி இருக்கும்: நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலாகவோ பிசைவதைப் போலவோ இருக்கும், முன்சிறுகுடல் அல்சராக இருந்தால் பசி நேரத்திலும் நள்ளிரவு கடந்த பின்னும் வந்து தூக்கத்தைக் கெடுக்கும், சாப்பிட்டால் அடங்கும், இரைப்பை அல்சராக இருந்தால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கூடும். சில வாரங்கள் தொல்லை தந்து, சில மாதங்கள் காணாமல் போய், மறுபடி வரும். இதோடு வயிற்று உப்புசம், ஏப்பம், குமட்டல், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு ஆகியவையும் சேரலாம். ஆனால் நேரில் வரும் நோயாளிகளிடம் இந்தக் கோடுகள் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. குறிப்பாக வலி மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு எந்த வலியும் இல்லாமல் அல்சர் வளர்ந்து, இரத்தக் கசிவில்தான் முதன்முதலாக வெளிப்படுவதுண்டு.

இதே இடத்தில் இதே போன்ற தொல்லையைத் தரும் வேறு நோய்களும் பல. உணவுக்குழாய்க்குள் அமிலம் எதுக்களித்து வந்தால் நெஞ்சு கரிக்கும், படுத்தால் கூடும். பித்தப்பைக் கல் இருந்தால், எண்ணெய்ப் பலகாரமோ கறியோ சாப்பிட்ட பின் வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்து, வலது தோள்பட்டைவரை போகும். கணைய அழற்சியில் வலி முதுகுக்கு ஊடுருவும். மது அருந்துபவர்களிடம் இதை மறந்துவிடக் கூடாது. பரிசோதனையில் எதுவுமே தென்படாமல், இரைப்பையின் அசைவிலும் நரம்புகளின் உணர்திறனிலும் ஏற்படும் மாறுதலால் வரும் அஜீரணமும் உண்டு. மேல் வயிற்றுத் தொல்லையோடு மருத்துவரிடம் வருபவர்களில் மிகப் பலர் இந்த வகைதான். அது கற்பனை நோய் அல்ல. அந்த வலி உண்மையானது, அதற்குச் சிகிச்சையும் தனியே உண்டு.

எல்லாவற்றையும்விட ஆபத்தான குழப்பம் மாரடைப்பு. இதயத்தின் அடிப்பகுதியில் இரத்த ஓட்டம் தடைபட்டால் வலி நெஞ்சில் தெரியாமல் மேல் வயிற்றில் தெரியலாம். வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுவது, மாடிப்படி ஏறும்போதோ தண்ணீர்க் குடம் தூக்கும்போதோ வந்து உட்கார்ந்தால் அடங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் 40 வயதைக் கடந்தவர்களுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கமில்லாத கடும் நாற்றத்துடன் போனால் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று கொள்ள வேண்டும். இரத்தம் அமிலத்தோடு கலந்து செரிமானமாகி வருவதால்தான் அந்த நிறம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. ஐயமாக இருந்தால் நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. வாந்தியில் சிவப்பு இரத்தமோ காப்பித்தூள் போன்ற துகளோ வந்தாலும் அதே பொருள்தான். திடீரென்று கத்தியால் குத்தியது போன்ற வலி வந்து வயிறு பலகையாக இறுகிவிட்டால், அல்சர் சுவரைத் துளைத்துவிட்டது என்று ஐயுற வேண்டும். அதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். இந்த நிலைகளில் 108-ஐ அழைக்க வேண்டும். வெளிக்கி கருப்பாகப் போவதை வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமலே இருக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. வீட்டில் வலி மாத்திரை சாப்பிடும் தாத்தாவோ அப்பத்தாவோ இருந்தால், அவர்கள் சோர்ந்து, முகம் வெளுத்து, எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது என்று சொன்னால், நாமே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

உடனே 108 தேவைப்படாவிட்டாலும், விரைவில் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பையின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டிய நிலைகள் சில உள்ளன: முயற்சி இல்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது உணவு அடைப்பது, வாந்தி நிற்காமல் தொடர்வது, காரணம் தெரியாத இரத்தசோகை, இரத்த உறவில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தது, 45 அல்லது 50 வயதைக் கடந்த பின் முதன்முறையாக இந்தத் தொல்லை தொடங்கியது. இப்படிப்பட்டவர்கள் அமிலம் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பார்ப்பது சரியல்ல. அந்த மாத்திரை புற்றுநோய்ப் புண்ணையும் தற்காலிகமாக ஆற்றுவதைப் போலக் காட்டி, நோயைக் கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்திவிடக்கூடும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது

"எனக்கு அல்சருங்க டாக்டர், ரெண்டு வருசமா இருக்குதுங்க" என்று ஒருவர் தொடங்குகிறார். "யாருங்க பார்த்துச் சொன்னது?" என்று மருத்துவர் கேட்டால், "மெடிக்கல்ல சொன்னாங்க" என்று பதில் வருகிறது. இந்த உரையாடலில் உண்மையான தகவல் எதுவும் பரிமாறப்படவில்லை. நோயின் பெயரைச் சொல்வதைவிட, நடப்பதை நடந்தபடி சொன்னால் மருத்துவருக்கு மிகவும் உதவும். எந்த இடத்தில் என்பதை விரலால் தொட்டுக் காட்டலாம். பசி நேரத்திலா, சாப்பிட்ட பின்னா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எத்தனை நாளாக, எடை குறைந்திருக்கிறதா, மலத்தின் நிறம் எப்படி என்று ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், ஐந்து நிமிடச் சந்திப்பிலேயே வேண்டியது கிடைத்துவிடும். அதைவிட முக்கியமானது, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சாப்பிட்ட மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்துச் செல்வது. செட் மாத்திரையின் கத்தரித்த துண்டுகளும் நாட்டு மருந்துப் பொடியும் இருந்தால் அவற்றையும் கொண்டுபோக வேண்டும். புகையும் மதுவும் பற்றிக் கேட்டால் மறைக்கக் கூடாது. திட்டுவாரே என்று மறைத்தால் நோய்க்கணிப்பு தவறும்.

எங்கே போவது என்று தயங்குபவர்களுக்கு: அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம், நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. தேவைப்பட்டால் அவர்களே கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர், பெருந்துறை ஆகிய இடங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்றுக்கு அனுப்பிவைப்பார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து பரிந்துரை பெற்றுக்கொள்ளலாம். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும் தொகைக்கு ஈடான உரிமை அது. பலர் அதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள்.

பரிசோதனைகள்

வயது குறைவாக இருந்து, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால், மருத்துவர் நேரடியாக எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பாமல், வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, நான்கு முதல் எட்டு வாரம் அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். அல்லது முதலில் எச். பைலோரி இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே. இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க ஹீமோகுளோபின் பரிசோதனை எளிதானது. வேறு நோய்க்காக எடுத்த பழைய அறிக்கை இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வயிற்று ஸ்கேன் எடுத்தேன், அல்சர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பித்தப்பைக் கல்லை நன்றாகக் காட்டும். இரைப்பையின் உட்சவ்வில் இருக்கும் சிறு புண்ணைக் காட்டாது. ஸ்கேன் இயல்பாக இருப்பதால் அல்சர் இல்லை என்று ஆகிவிடாது.

எச். பைலோரியைக் கண்டறிய மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் நம்பகமானவை. இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவை அம்மோனியாவாக மாற்றி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டுதான் இரைப்பையில் உயிர்வாழ்கிறது. அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவை விழுங்கச் செய்து சிறிது நேரம் கழித்து ஊதச் சொன்னால், கிருமி இருப்பவரின் மூச்சில் அந்தக் கார்பன் வெளிப்படும். மலப் பரிசோதனை கிருமியின் புரதத்தைத் தேடுகிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. ஆனால் எப்போதோ வந்து போன தொற்றுக்கும் அது பாசிட்டிவ் காட்டும் என்பதால், இப்போது கிருமி இருக்கிறதா என்பதை அறிய அது போதாது. மூச்சு, மலம், திசு என எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத் மருந்தையும் நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி அடங்கியிருந்து, இல்லை என்ற பொய்யான முடிவு வரும். மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் நிறுத்த வேண்டுமா என்று கேட்க மறக்கவும் கூடாது.

எண்டோஸ்கோப்பி

பயப்படுபவர்கள் அதிகம் என்பதால் இதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் நாள் இரவு உணவுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல், பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைக் காலையில் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பல் செட் இருந்தால் கழற்றிவிடச் சொல்வார்கள். தொண்டையில் கசப்பான மரப்பு மருந்தைத் தெளிப்பார்கள். நாக்கின் அடிப்பகுதி தடித்துப் போனதைப் போலத் தோன்றும், எச்சில் விழுங்குவதே தெரியாது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கச் சொல்லி, அதன் வழியாகச் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாயைச் செலுத்துவார்கள். தொண்டையைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் குமட்டும். விழுங்கச் சொல்லும்போது விழுங்கிவிட்டு, பிறகு மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். குழாய் உணவுப்பாதையில் போவதால் மூச்சு அடைக்காது. வாயில் ஊறும் எச்சிலை விழுங்காமல் கன்னத்தின் ஓரமாக வழிய விடலாம், துடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிகவும் பயம் என்றால் அரைத்தூக்க ஊசி போடச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் போட்டுக்கொண்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். முடிந்த பின் தொண்டை மரப்பு நீங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரை ஏறிவிடும்.

குழாயின் வழியாகவே அரிசி மணியைவிடச் சிறிய திசுத் துண்டுகளை எடுப்பார்கள். எடுக்கும்போது வலிக்காது, இரைப்பையின் உட்சவ்வுக்கு அந்த உணர்வு இல்லை. ஒரு துண்டை யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழில் வைப்பார்கள். கிருமியின் யூரியேஸ் இருந்தால் அம்மோனியா உண்டாகி, மஞ்சள் மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். சில நேரம் நோயாளி எழுந்து உட்காருவதற்குள்ளாகவே மாறிவிடும், சில நேரம் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். இரைப்பை அல்சராக இருந்தால் அதன் விளிம்பிலிருந்து எடுத்த துண்டுகளைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் அழத் தொடங்கிவிடுகிறார்கள்; அது வழக்கமான நடைமுறை, அனுப்பியதாலேயே புற்றுநோய் என்று பொருளல்ல. இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் ஊசியாலோ கிளிப்பாலோ சூட்டாலோ அந்த நேரத்திலேயே குழாய் வழியாக நிறுத்தவும் முடியும்.

அறிக்கையில் ஆன்ட்ரல் கேஸ்ட்ரைடிஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அல்சர் உறுதியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். அது இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்திருப்பதை மட்டுமே சொல்கிறது. மிகவும் பரவலாக எழுதப்படும் வரி அது. எரோஷன் என்றால் மேலோட்டமான சிராய்ப்பு. அல்சர் என்று எழுதி, எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், அடிப்பகுதி சுத்தமாக இருக்கிறதா என்று குறித்திருந்தால்தான் அது அல்சர். படங்கள் ஒட்டிய அந்தத் தாளையும், பிறகு வரும் பயாப்ஸி அறிக்கையையும் சேர்த்து வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பயாப்ஸி முடிவை வாங்கவே திரும்பப் போகாதவர்கள் வியக்கத்தக்க அளவில் இருக்கிறார்கள்.

உறுதியான பிறகு

கிருமி இருந்தால் அமிலம் குறைக்கும் மருந்தோடு இரண்டோ மூன்றோ வேறு மருந்துகளைச் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார்கள். வாயில் உலோகச் சுவை, குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். பிஸ்மத் இருந்தால் நாக்கும் மலமும் கறுக்கும், அது இரத்தமல்ல. ஐந்தாம் நாள் எரிச்சல் முழுவதும் போய்விட்டது என்று நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமி அந்த ஆன்டிபயாடிக்குக்கு அசையாததாக மாறி, அடுத்த முறை சிகிச்சை கடினமாகும். நம் நாட்டில் மெட்ரோனிடசோலுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் அடங்காத எச். பைலோரி ஏற்கெனவே அதிகம். அமிலம் குறைக்கும் மாத்திரையை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். சாப்பிட்ட பின் போட்டால் அதன் வேலை வெகுவாகக் குறைகிறது. வலி மாத்திரையால் வந்த அல்சராக இருந்தால் அந்த மாத்திரையை நிறுத்துவதே முதல் சிகிச்சை. இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் வேறு வழி என்ன என்பதை அதே சந்திப்பில் கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வலி தாங்காமல் அடுத்த வாரமே செட் மாத்திரைக்குத் திரும்பிவிடுவோம்.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ மீண்டும் செய்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் பான்டோபிரசோல் சாப்பிடக் கூடாது என்பது இங்கும் பொருந்தும். முன்சிறுகுடல் அல்சருக்குப் பொதுவாக இரண்டாவது எண்டோஸ்கோப்பி தேவைப்படுவதில்லை. இரைப்பை அல்சராக இருந்தால், எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி குழாய் விட்டு, புண் முழுமையாக ஆறியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய மருத்துவர் கூப்பிடலாம். எரிச்சல் இல்லையே, எதற்குப் போக வேண்டும் என்று அந்தத் தேதியை விட்டுவிடாமல் போய்வர வேண்டும்.